ஒரே லென்ஸ் போதுமா? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படிக்கவும். இல்லாதவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். வகுப்பில் எப்படியும் அதைத்தான் செய்தீர்கள்!

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அப்பாவையும் அம்மாவையும் காசிக்கு அழைத்துப் போகிறானாம். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இதற்காகவே புதிதாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருக்கிறான்.

"சார், 18-லேர்ந்து 300 வரைக்கும் போற ஒரே லென்ஸ் ஒண்ணு இருக்கு. அதை வாங்கலாம்னா, ஆபீஸ்ல ஒருத்தர் அது வேஸ்ட், எல்லாத்தையும் சுமாராத்தான் செய்யும்கிறார். மூணு லென்ஸ் வாங்கச் சொல்றார். என்ன சார் பண்றது? டூர்ல நீங்கதானே எப்பவும் கேமராவும் கையுமா இருப்பீங்க!"

ரெண்டு நாள் டைம் கொடு என்றேன். வரலாற்று வாத்தியாரிடம் விலை கேட்டாலும் வருஷம்தான் சொல்வான் என்று அவனுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் என் கதை. உறவுகளில் பலருக்கும் இது தெரியாது.

1993-ல் என் அக்கா மகள் கல்யாணம். வீடியோ, போட்டோ எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருந்தார்கள். இருந்தாலும் தாய்மாமன் என்ற உரிமையில் நானும் என் பிலிம் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தேன். கேமராவில் 50 மி.மீ. லென்ஸ். தோள்பையில் நண்பரிடம் இரவல் வாங்கிய 135 மி.மீ. லென்ஸ். சாயந்திரம் பெண் புறப்படும் நேரம். ஊரே வாசலில் நிற்கிறது. நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன். காலையிலிருந்து சமையல்கட்டுக்கும் மணமேடைக்கும் ஓடிக்கொண்டிருந்த அக்கா, அப்போதுதான் முதல்முறையாக நின்றாள். மகளின் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை.

வ்யூஃபைண்டரில் பார்த்தால் இருவரும் விரல் நகம் அளவுக்குத் தெரிகிறார்கள். 135 போட்டால் சரியாக இருக்கும் என்று 50-ஐக் கழற்றினேன். பையைத் திறந்து, மூடியை எடுத்து, சிவப்புப் புள்ளியைப் புள்ளியோடு சேர்த்துத் திருகி நிமிர்ந்தபோது கார் கதவு சாத்தியிருந்தது. அமர்த்திய போட்டோகாரர் அந்த நேரம் மாப்பிள்ளை பக்கம் இருந்தார். ஆக அந்தப் படம் யாரிடமும் இல்லை. அக்கா இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

லென்ஸ் மாற்றும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதை ஒழிப்பதற்காக உலகம் நூறு வருடத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறது. அதுதான் இன்றைய பாடம்.

லென்ஸ்களில் ஏன் இத்தனை வகை? குவியத் தூரம் குறைவாக இருந்தால் பரந்த காட்சி கிடைக்கும்: கோயில் கோபுரம் முழுதும், கூட்டம் முழுதும். குவியத் தூரம் அதிகமானால் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும். ஆரம்பகால லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரே குவியத் தூரம்தான். அதைக்கூட நன்றாகச் செய்வது எளிதாக இல்லை. 1840-ல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் உருவப்படங்களுக்கென்று ஒரு லென்ஸை வடிவமைத்தார். ஒளிக்கதிர் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டே வடிவமைத்தார். அந்தக் கணக்கைப் போட அவருக்குக் கிடைத்த உதவியாளர்கள் யார் தெரியுமா? ஆஸ்திரியப் பீரங்கிப் படை வீரர்கள்! குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டுப் பழகியவர்கள் அல்லவா. அந்த லென்ஸைச் செய்து விற்றது அதே ஊரின் ஃபோக்ட்லேண்டர் நிறுவனம். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். நூற்றுப் பத்தொன்பது வருடம் கழித்து மறுபடி வரும்.

குவியத் தூரத்தை மாற்றிக்கொள்ளும் லென்ஸுக்கு 1902-லேயே அமெரிக்காவில் கிளைல் ஆலன் என்பவர் காப்புரிமை பெற்றுவிட்டார். 1932-ல் சினிமா கேமராவுக்காக 'வரோ' என்ற 40–120 மி.மீ. லென்ஸ் விற்பனைக்கே வந்தது. ஆனாலும் வெகுகாலம் பரவவில்லை. ஏன்?

இரண்டு காரணங்கள். ஒன்று இயந்திரச் சிக்கல். உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதியை நகர்த்தினால் படம் பெரிதாகும், ஆனால் குவியமும் விலகிப் படம் மங்கிவிடும். விலகியதைச் சரிக்கட்ட இன்னொரு தொகுதியும் அதற்கேற்ற அளவில் நகர வேண்டும். இரண்டின் நகர்வும் தலைமுடி அளவுகூடப் பிசகக் கூடாது.

இரண்டாவது காரணம் வெளிச்சம். கணக்குப் பிடிக்காதவர்களும் இதை மட்டும் கவனியுங்கள். மேற்பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். எட்டுப் பரப்புகள் என்றால் பரவாயில்லை, 72 சதவீதம் உள்ளே போகும். ஜூம் லென்ஸுக்கு நிறையக் கண்ணாடிகள் வேண்டும். 22 பரப்புகள் என்றால் சுமார் 40 சதவீதம்தான் மிஞ்சும். மீதி ஒளி சும்மாவும் இருக்காது. உள்ளேயே முட்டி மோதிப் படத்தை வெளிறச் செய்யும். 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய மேற்பூச்சுக்கு வழி கண்டார். போர்க்காலத்தில் அது ராணுவ ரகசியமாக இருந்தது. போர் முடிந்த பிறகுதான் மேற்பூச்சு சாதாரண கேமராக்களுக்கும் பரவலாக வந்து சேர்ந்தது. நிறையக் கண்ணாடி வைத்து லென்ஸ் செய்ய அதற்குப் பிறகே துணிவு வந்தது.

அடுத்த கட்டத்தை உருவாக்கியது தொலைக்காட்சி. அந்தக் காலத்து டிவி கேமராவின் முகப்பில் ஒரு சுழல்தட்டு இருக்கும். அதில் மூன்று நான்கு லென்ஸ்கள் பொருத்தியிருப்பார்கள். தட்டைச் சுற்றி வேண்டிய லென்ஸை முன்னால் கொண்டுவர வேண்டும். சுற்றும் அந்த நேரத்தில் அந்தக் கேமராவிலிருந்து படம் கிடையாது. பேஸ்பால் ஆட்டத்தில் பந்து அடிபட்டு வானத்தில் போகும் நேரம் அதுவாக இருந்தால்? என் அக்கா வீட்டு வாசல் கதைதான்.

ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஃபிராங்க் பேக் என்ற பொறியியலாளர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். 1940-களின் பிற்பகுதியில் அவர் கொண்டுவந்த 'ஜூமர்' லென்ஸ், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மைதானம் முழுவதிலிருந்து ஒரு வீரரின் முகத்துக்குப் போனது. நடுவில் படம் அறுபடவில்லை. 'ஜூம்' என்பது விமானம் சட்டென்று செங்குத்தாக மேலேறுவதற்கு விமானிகள் சொன்ன சொல். இன்று நம் வீட்டுக் குழந்தைகள்கூட போன் திரையில் இரண்டு விரலை விரித்து "ஜூம் பண்ணு தாத்தா" என்கிறார்கள்.

சினிமாவிலும் டிவியிலும் படம் ஓடிவிடும், கண் சின்னக் குறைகளை மன்னித்துவிடும். புகைப்படம் அப்படியல்ல. சட்டம் போட்டு மாட்டிவைத்து முப்பது வருடம் பார்ப்போம். அதோடு, பெரும்பாலான பழைய கேமராக்களில் நாம் பார்க்கும் துவாரம் வேறு, படம் எடுக்கும் லென்ஸ் வேறு. ஜூம் செய்தாலும் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் 1950-களில் பரவிய பிறகுதான் புகைப்படக்காரருக்கு ஜூம் பயன்படும் என்ற நிலை வந்தது.

1959-ல் 35 மி.மீ. புகைப்படக் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ் வந்தது. 36–82 மி.மீ., எஃப்/2.8, உள்ளே 14 கண்ணாடிகள். வடிவமைத்தவர் அதே ஃபிராங்க் பேக். விற்ற நிறுவனம் அதே ஃபோக்ட்லேண்டர்! பெட்ஸ்வாலின் லென்ஸைச் செய்த கம்பெனியேதான். வகுப்பில் இந்த இடத்தில் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு உங்கள் முகங்களைப் பார்த்திருப்பேன்.

1963-ல் நிக்கானின் 43–86 மி.மீ. ஜூம் வந்தது. கையடக்கமானது, சாதாரண ஆட்களும் வாங்கக்கூடியது. நன்றாக விற்றது. ஆனால் அதில் நேர்கோடுகள் வளைந்து தெரிகின்றன என்ற பேச்சும் கூடவே வந்தது. "ஜூம் என்றால் சுமார்" என்ற பெயர் அப்போது ஒட்டியது. என் மாணவனின் ஆபீஸ் நண்பர் இன்று சொல்வதும் அதன் எதிரொலிதான்.

அந்தப் பெயரைப் போக்கப் பலர் உழைத்தார்கள். பிரான்ஸில் பியர் ஆன்ஜெனியூ சினிமாவுக்குப் பத்து மடங்கு ஜூம் செய்து, 1964-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருதுகளில் ஒன்றைப் பெற்றார். பீரங்கி வீரர்கள் போட்ட கணக்கைக் கணினி போட ஆரம்பித்தது. 1970-களில் கணினி உதவியோடு வடிவமைத்த விவிட்டார் சீரிஸ் 1 வரிசையின் 70–210 மி.மீ. ஜூம் வந்தபோது, ஒற்றைக் குவிய லென்ஸோடு ஜூமையும் ஒப்பிடலாம் என்று ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். அதைத் தயாரித்துக் கொடுத்தது ஜப்பானின் கினோ பிரிசிஷன்.

ஆனாலும் லென்ஸ் மாற்றுவது ஒழியவில்லை. பரந்த காட்சிக்கு ஒன்று, தொலைவுக்கு ஒன்று என இரண்டு ஜூம்கள் வேண்டியிருந்தன. இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சியிலும் கினோ முன்னால் நின்றது. 1980-களின் நடுவில் 'கைரான்' என்ற பெயரில் 28–210 மி.மீ. லென்ஸை விற்றார்கள். பிறகு 1992-ல் டாம்ரான் நிறுவனத்தின் 28–200 மி.மீ. வந்தது. இந்த வகையைப் பிரபலமாக்கியது அதுதான். முழுக்கோள வடிவத்திலிருந்து சற்றே விலகிய வளைவு கொண்ட கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். ஒரு கண்ணாடி இரண்டு மூன்று கண்ணாடிகளின் வேலையைச் செய்ததால் நீளம் குறைந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள், திருகினால் நீளும். சுற்றுலாப் போகிறவருக்கு ஒரே லென்ஸ் என்ற கனவு கைக்கு வந்துவிட்டது.

விலை கொடுக்காமல் வரவில்லை. சுமார் இரண்டு மீட்டருக்கு உள்ளே இருக்கும் பொருளை அந்த முதல் மாடலால் குவிக்க முடியாது. பின்னால் வந்த மாடல்களில் அது அரை மீட்டர் அளவுக்குக் குறைந்தது. ஆனால் பெரிய விலை வெளிச்சம்தான். 200 மி.மீ.யில் துளை எஃப்/5.6. இப்போது இதே வகை லென்ஸ்கள் பலவற்றில் எஃப்/6.3. ஒரு சாதாரண 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் தரும் வெளிச்சத்தில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு.

இந்தப் பங்கை நான் புத்தகத்தில் கற்கவில்லை. கல்யாணத்தில் சூடுபட்டவன் அல்லவா, 2000 வாக்கில் 28–200 வகை லென்ஸ் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். டூரில் அற்புதம். கங்கைகொண்ட சோழபுரத்தில் விமானம் முழுதும் ஒரு படம், நின்ற இடத்திலேயே திருகி மேலே உள்ள சிற்பம் ஒரு படம். லென்ஸைக் கழற்றவே இல்லை. அந்தத் தைரியத்தில் பள்ளி ஆண்டு விழாவுக்கும் அதையே கொண்டுபோனேன். இரவு நேரம், மேடை விளக்கு மட்டும். 200 பிலிம், 36 படம். கழுவி வந்தபோது உருப்படியாக இருந்தவை நான்கோ ஐந்தோ. கட்டபொம்மன் வசனம் பேசியவன் புகை மாதிரி இருந்தான். கும்மி அடித்த பிள்ளைகள் வெறும் நிறக் கோடுகள். அதில் ஆடிய சிலர் இதைப் படிக்கிறீர்கள். "சார், போட்டோ எங்க சார்?" என்று ஒரு மாதம் கேட்டீர்கள். நான் பிலிம் கெட்டுப்போச்சு என்று சொன்னேன். அது பொய். இருபத்தைந்து வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆக, ஒற்றைக் குவிய லென்ஸ் என்னிடமிருந்து ஒரு நிமிடத்தைப் பறித்தது, எல்லாம் ஒன்றான லென்ஸ் ஒரு முழு இரவைப் பறித்தது.

டிஜிட்டல் வந்து இந்தக் கணக்கில் பெரும்பகுதியை மாற்றிவிட்டது. எப்படி?

முதலாவது, பிலிமில் 200 என்று போட்டால் 36 படமும் 200 தான். டிஜிட்டலில் ஒவ்வொரு படத்துக்கும் ஐ.எஸ்.ஓ.வை மாற்றலாம். இன்றைய கேமராவில் 3200 வைத்தாலும் பார்க்கும்படியான படம் கிடைக்கும். அது 200-ஐவிடப் பதினாறு மடங்கு. லென்ஸ் இழந்த வெளிச்சத்தைச் சென்சார் ஈடுகட்டுகிறது.

இரண்டாவது, கை நடுக்கம். 1995-ல் கேனான் தன் 75–300 மி.மீ. லென்ஸில் நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பை வைத்தது. 2005-ல் நிக்கான் 18–200 மி.மீ.யில் வைத்தது. டிஜிட்டல் கேமராவின் சிறிய சென்சாருக்கென்று வந்த அந்த லென்ஸ், பழைய பிலிம் கணக்கில் 27–300 மி.மீ.க்குச் சமம். எடை 560 கிராம். 2017-ல் டாம்ரான் 18–400 வரை போனது. ஆனால் ஒன்று: இந்த அமைப்பு நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். கும்மி அடிக்கும் பிள்ளையின் கையை நிறுத்திவைக்காது.

மூன்றாவது, வளையும் கோடுகள். 1963-ல் குறை என்று சொன்னதை இன்று பல கேமராக்கள் படத்தைச் சேமிக்கும்போதே கணக்குப் போட்டு நிமிர்த்திவிடுகின்றன. பீரங்கி வீரர்களின் கணக்கு கேமராவுக்குள்ளேயே வந்துவிட்டது!

சரி, அவனுக்கு என்ன சொன்னேன்? (நேரே இங்கே வந்தவர்களுக்கும் வணக்கம்.)

"அந்த ஒரே லென்ஸை வாங்கு தம்பி. அப்பாவையும் அம்மாவையும் படித்துறையில் கைபிடித்து இறக்க வேண்டியவன் நீ. மூன்று லென்ஸைச் சுமந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. படகிலும் புழுதியிலும் லென்ஸைக் கழற்றி மாட்டினால் சென்சாரில் தூசியும் ஏறும். ஆனால் வாங்கும் முன் நாலு விஷயம் பார். நீட்டிய நிலையில் துளை எவ்வளவு என்று பார், 6.3-ஐத் தாண்ட வேண்டாம். நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி லென்ஸிலோ கேமராவிலோ ஒன்றிலாவது இருக்கட்டும். கடையிலேயே கேமராவில் மாட்டி, கீழ்நோக்கிப் பிடித்து நடந்து பார். சில லென்ஸ் தன் எடையிலேயே சரிந்து நீளும். நீளாமல் பூட்டும் பொத்தான் இருக்கிறதா பார். கடைசியாக, ஐந்து நிமிடம் கழுத்தில் தொங்கவிட்டு நில். கழுத்து வலித்தால் மூன்றாம் நாள் அது ஹோட்டல் அறையில்தான் கிடக்கும்.

"அதோடு 35 அல்லது 50 மி.மீ.யில் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றும் வாங்கிக்கொள். விலை அதிகமில்லை, உள்ளங்கையில் அடங்கும். கங்கை ஆரத்தி இருட்டிய பிறகுதான். அறையை விட்டுக் கிளம்பும்போதே அதை மாட்டிவிடு. படித்துறையில் வைத்து மாற்றாதே."

"அப்போ ஆபீஸ்காரர் சொன்னது தப்பா சார்?" என்றான்.

தப்பில்லை. சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் ஓரங்களில் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். பறவையோ விளையாட்டோ எடுப்பதே தொழிலாக இருந்தால் அவர் வழியில்தான் போக வேண்டும். எந்த லென்ஸை வாங்கினாலும் ஏதோ ஒன்றை இழப்போம். எதை இழந்தால் உனக்குத் தாங்கும் என்று பார்த்து வாங்கு என்றேன். அவனால் ஓரத்துக் கூர்மையை இழக்க முடியும். அப்பா முதல் முழுக்குப் போட்டு எழுந்து மூச்சு வாங்கும் அந்த நொடியை இழக்க முடியாது.

இன்னொன்றும் சொன்னேன். இது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அன்று வாசலில் என்னிடம் இல்லாதது ஜூம் லென்ஸ் அல்ல. 50 மி.மீ.யிலேயே ஒரு முறை அழுத்திவிட்டு அப்புறம் மாற்றியிருக்கலாம். விரல் நகம் அளவிலாவது அக்கா அதில் இருந்திருப்பாள். நல்ல படத்துக்கு ஆசைப்பட்டு, இருந்த படத்தை விட்டேன். அதனால் கையில் என்ன மாட்டியிருக்கிறதோ அதில் முதலில் ஒன்று எடுத்துவிடு தம்பி.

அக்கா மகளும் இதைப் படிப்பாள். அம்மா உன் முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற படம் ஏன் ஆல்பத்தில் இல்லை என்று நீ ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிவிட்டேன் கண்ணு. படம்தான் இல்லை. நான் பார்த்தேன். அவள் உன் காதோரம் சரிந்த பூவைச் சரிசெய்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

பழைய டூர் படங்கள் யாரிடமாவது இருந்தால் கமெண்டில் போடுங்கள். ஆண்டு விழாப் படம் மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்